பிரெஞ்சு வகுப்பில் ஹைட்டி

பல்கலைக்கழகத்தில் இடைநிலை பிரெஞ்சு படிக்கிறேன். ஐயம், ஆசை, அச்சம் என்று ஒவ்வொன்றுக்கும் வினையின் வடிவம் மாறுகிறது. அது பழகிவிடும். மனத்தை உலுக்கியது பண்பாட்டுப் பாடம்தான். ஹைட்டி, கரீபியக் கடலில் பிரான்சின் காலனியாக இருந்த நாடு. அடிமைகளாக இருந்தவர்களே போராடி 1804-இல் அதை விடுதலை நாடாக்கினார்கள். 1825-இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, பழைய பண்ணை முதலாளிகளுக்கு இழப்பீடாக 15 கோடி பிராங்க் கேட்டார். உரிமை இழந்தவர்களுக்கு அல்ல, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு! முதல் தவணைக்கே பாரிஸில் கடன் வாங்க வேண்டியிருந்தது. 1838-இல் தொகையைக் குறைத்தார்கள். சுமை தலைமுறைகளுக்கு நீண்டது.

ஈபிள் கோபுரத்தோடு நின்றுவிடும் பாடநூல்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. இன்று பிரெஞ்சு பேசுகிறவர்களில் பெரும்பகுதியினர் ஆப்பிரிக்காவில் அல்லவா இருக்கிறார்கள்? பருவக் கட்டுரைக்கு ஹைட்டியையே எடுத்திருக்கிறேன், பிரெஞ்சிலேயே எழுதப்போகிறேன்.