அஞ்சுநாட்டு இருட்டில் வான்பார்க்கும் இரவு

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து மறையூர், காந்தளூர் பக்கம் புதிதாகக் குடிவருகிற குடும்பங்களுக்கு ஊரோடு ஒட்ட நல்ல வழி எது என்று கேட்டால், டெலஸ்கோப்போடு ஒரு நட்சத்திர இரவு நடத்துங்கள் என்றுதான் சொல்வோம். அதற்கு இடம் கேட்க வேண்டும், விளக்கை அணைக்கச் சொல்ல வேண்டும், வனத்துறையிடம் தெரிவிக்க வேண்டும். ஒரு வாரத்தில் ஊரில் யார் யாரைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ எல்லோரும் தெரிந்துவிடுவார்கள்.

எல்லைக்கு அப்பால் இருந்தாலும் இது தமிழ் பேசும் மலை. மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தளூர், கொட்டகுடி ஆகிய ஐந்தையும் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து மலையேறியவர்கள் என்பது இங்கே வழிவழியாக வரும் பேச்சு. 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளம் தாலுகா கேரளத்தோடு நின்றது. அதனால் தெருவில் தமிழ், ஆபீஸில் மலையாளம். உடுமலையிலிருந்தோ தேனியிலிருந்தோ வருகிறவர்களுக்கு இந்த இரட்டைப் பழக்கம் பிடிபடக் கொஞ்ச நாளாகும்.

வானத்துக்கு வருவோம். கேரளம் என்றதும் ஜூன் மழைதான் நினைவுக்கு வரும். ஆனால் 2695 மீட்டர் உயர ஆனைமுடியும் அதைச் சுற்றியுள்ள மலைகளும் தென்மேற்குப் பருவமழையை மறித்துவிடுவதால், மறையூரும் சின்னாறும் மழை மறைவுப் பகுதி. மூணாறில் கொட்டும்போது இங்கே தூறல் மட்டும் விழும். அதை நம்பி ஜூலையில் தேதி குறிக்காதீர்கள். மழை பெய்யாவிட்டாலும் மேகம் மலைமேல் ஏறி நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை உண்டு. மார்கழி நடுவிலிருந்து பங்குனி வரைதான் நம்பக்கூடிய காலம். அதிலும் தை, மாசி சிறந்தது. பங்குனிக்குள் காட்டுத்தீப் புகை சேர்ந்தால் அடிவானத்திலிருந்து இருபது பாகை வரை எல்லாம் மங்கிப்போகும். இன்னொரு புகை இந்த ஊருக்கே உரியது. கரும்புச் சக்கையை எரித்து வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகைகள் இங்கே ஏராளம். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, கொட்டகைக்குக் காற்று வரும் திசையில் இடம் தேடுங்கள். அடுப்பு எந்த இரவில் எரியும் என்பதை ஆலைக்காரரிடமே கேட்டுவிடலாம்.

தேதிக்கு நாள்காட்டியில் அமாவாசையைப் பாருங்கள். அனுபவசாலிகள் மட்டும் கூடுவதானால் அமாவாசை அன்றே வைக்கலாம். குழந்தைகளும் அக்கம்பக்கத்தாரும் வருவதானால், அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் நல்லது. பிறைநிலாவின் பள்ளங்களை முதலில் காட்டலாம். ஒன்பது மணியை ஒட்டி அது மறைந்து, இருட்டு முழுசாகக் கிடைக்கும்.

இடம் தேர்வதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஊர் இருட்டாக இருப்பது மட்டும் போதாது, தெற்கு திறந்திருக்க வேண்டும். மறையூர் பத்தே கால் பாகை வட அட்சத்தில் இருக்கிறது. கிழக்கே மலைகளுக்கு அப்பால், 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகமும் ஏறத்தாழ இதே அட்சத்தில்தான். இவ்வளவு தெற்கே இருப்பதன் லாபம், வடநாட்டவருக்குக் கிடைக்காத தென்வானம். அகத்திய நட்சத்திரம் உச்சத்தில் 27 பாகை உயரத்தில் நிற்கும், ஒமேகா செந்தாரி என்னும் நட்சத்திரக் கொத்து 32 பாகை, தென்சிலுவையும் கரினா நெபுலா என்னும் வாயுமேகமும் சுமார் 20 பாகை. ஆனால் இங்கே தெற்கே உயரமலை. பள்ளத்தாக்கின் அடியில் நின்றால் 20 பாகைப் பொருளெல்லாம் மலைக்குப் பின்னே போய்விடும். பகலிலேயே போய் அளந்துவிடுங்கள்: கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய பத்து பாகை. தெற்கு மலைமுகடு ஒன்றரை முஷ்டிக்குக் கீழே இருந்தால் அந்த இடம் சரி. காந்தளூர்ப் பக்கத்து மேல்தட்டு வயல்களில் இது கிடைக்கும். வடக்கே உடுமலைச் சமவெளியின் வெளிச்சம் அடிவானத்தில் தெரியும். அந்தப் பக்கம் மரமோ கட்டடமோ மறைப்பாக இருந்தால் நல்லதுதான்.

பாறைத் தளத்தைப் பலர் விரும்புவார்கள். மறையூரில் முனியறைகள் இருக்கும் பாறைகள் பார்க்க அழகு. ஆனால் அவை பழங்காலக் கல்லறைகள், அங்கே ஸ்டாண்டு நிறுத்தக் கூடாது. பாறை பகல் சூட்டை இரவு வெகுநேரம் விட்டுக்கொண்டும் இருக்கும். அந்த வெப்பக்காற்று மேலெழும்போது வியாழன் நீருக்கடியில் கிடப்பதைப் போலத் துடிக்கும். புல் தரையோ, அறுவடை முடிந்த வயலோ, பள்ளி மைதானமோ மேல்.

பக்கத்தில் ஒரு கட்டடம் இருக்க வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்கவே கூடாது. இது யானையும் காட்டுமாடும் நடக்கிற ஊர். யானை இறங்கியிருக்கிறது என்று சேதி வந்தால் கருவிகளை அப்படியே விட்டுவிட்டு ஆட்களை உள்ளே கொண்டுபோக வேண்டும். சந்தனக் காட்டோரம் இரவில் டார்ச்சும் குழாயுமாக நடமாடினால் வனக்காவலர்கள் நிறுத்திக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். முன்கூட்டியே வனத்துறை நிலையத்தில் இடம், நேரம், ஆள் எண்ணிக்கை மூன்றையும் எழுதிக் கொடுங்கள். வார்டு மெம்பரிடம் தெருவிளக்கைப் பற்றிப் பேசுங்கள். எதிர்வீட்டுச் சேச்சியிடம் நேரில் போய், எட்டு மணியிலிருந்து வாசல் விளக்கை அணைத்துவிட்டு நீங்களும் குழந்தைகளோடு வாருங்கள் என்று கூப்பிடுங்கள். அணைக்க மட்டும் சொன்னால் அணைக்க மாட்டார்கள். வரச் சொன்னால் அணைத்துவிட்டே வருவார்கள். உடுமலையிலிருந்து வருகிற நண்பர்கள் பொழுது சாய்வதற்குள் சின்னாறு சோதனைச்சாவடியைத் தாண்டிவிட வேண்டும். அந்தக் காட்டுச்சாலையில் இரவுப் பயணத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

கருவி எது? எட்டு அங்குல டாப்சோனியன், அதாவது பெட்டிமேல் உட்காரும் கண்ணாடி டெலஸ்கோப். குழு சேர்ந்து ஒன்று வாங்குவதானால் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். 203 மில்லிமீட்டர் கண்ணாடி, 1200 மில்லிமீட்டர் குவியத்தூரம், மரப்பெட்டி அடித்தளம், மோட்டார் ஏதுமில்லாமலே கையால் தள்ளித் திருப்பலாம். வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் ஈக்வடோரியல் ஸ்டாண்டு நம் அட்சத்தில் தொல்லை: அதன் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும், அதுவோ பத்து பாகை உயரத்தில், பெரும்பாலும் மரத்துக்கோ குன்றுக்கோ பின்னால். அச்சை அவ்வளவு தாழ்த்தினால் எதிர்எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். குளிர்நாட்டு அட்சங்களுக்காக வடிவமைத்த சில மாடல்களைப் பத்து பாகைக்கு இறக்கவே முடியாது. வாங்குமுன் குறைந்தபட்ச அட்சம் எவ்வளவு என்று கேளுங்கள்.

மலைப்பாதையில் கொண்டைஊசி வளைவுகளில் குலுங்கி வந்த டாப்சோனியனின் கண்ணாடிகள் நேர்கோட்டிலிருந்து விலகியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் பார்ப்பதால்தான் நட்சத்திரம் வால் முளைத்தாற்போலத் தெரிகிறது. கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளிச்சம் இருக்கும்போதே செய்துவிடுங்கள். குழாயைக் கிடைமட்டமாகப் படுக்க வையுங்கள்; நிமிர்த்தி வைத்துச் செய்தால் கைநழுவும் ஆலன் சாவி நேரே பெரிய கண்ணாடிமேல் விழும். ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) இருக்குமிடத்தில், கண்ணாடிகளை நேர்ப்படுத்த உதவும் செஷயர் குழலைச் செருகி, சின்னக் கண்ணாடியின் மூன்று திருகுகளைச் சிறுகச் சிறுகத் திருப்பி, பெரிய கண்ணாடியின் நடுவிலுள்ள வளையம் குறுக்குக்கம்பியின் மையத்துக்கு வரும்வரை சரிசெய்யுங்கள். பிறகு குழாயின் அடியிலுள்ள பெரிய திருகுகளால், செஷயரின் பிரதிபலிப்பை அந்த வளையத்துக்குள் கொண்டுவாருங்கள். இருட்டியபின் உயரத்தில் உள்ள ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை 10 மி.மீ. ஐபீஸில் நடுவில் வைத்து, ஃபோகஸைக் கொஞ்சம் கலையுங்கள். வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக மையம் ஒத்திருந்தால் முடிந்தது. இதே வேலையை லேசரால் செய்யும் கொலிமேட்டர் வேகமானது, ஆனால் அந்த லேசரே சாய்ந்திருந்தால் எல்லாமே சாயும். செஷயர் இருந்தால் அதையே நம்புங்கள். பொருளைக் குறிபார்க்க உதவும் செம்புள்ளி ஃபைண்டரையும் அப்போதே தூரத்து மரநுனியை வைத்துப் பொருத்திவிடலாம். சூரியன் முழுக்க மறையும்வரை குழாயின் மூடியைக் கழற்றாதீர்கள், குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் இன்னும் கண்டிப்பாக.

வீட்டுக்குள்ளிருந்து எடுத்த கண்ணாடி வெளிக்குளிருக்கு வர முக்கால் மணிநேரமாகும். தை மாத இரவில் காந்தளூரில் குளிர் பத்து டிகிரிப் பக்கம் இறங்கும், பனி நன்றாக விழும். பெரிய கண்ணாடி குழாயின் அடியில் இருப்பதால் தப்பித்துவிடும். மேலே உள்ள சின்னக் கண்ணாடி, ஃபைண்டர், ஐபீஸ் மூன்றும்தான் முதலில் வேர்க்கும். யோகா பாயை வெட்டிக் குழாயின் வாயைச் சுற்றி ஒரு அடி நீளத்துக்கு நீட்டிக் கட்டினால் இரண்டு மூன்று மணிநேரம் தாங்கும். ஐபீஸில் மூச்சுப்பட்டு மங்கினால் துணியால் துடைக்காதீர்கள், பூச்சு கீறிவிடும். சட்டைப்பையில் இன்னொன்றைச் சூடாக வைத்திருந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கூட்டம் வரும் இரவில் உருப்பெருக்கம்தான் முக்கியமான முடிவு. 10 மி.மீ. ஐபீஸ் 120 மடங்கு காட்டும். அதில் தெரியும் வானம் அரைப்பாகைக்கும் குறைவு. பூமி சுற்றுவதால் வானம் நிமிடத்துக்குக் கால் பாகை நகர்கிறது. நீங்கள் நடுவில் வைத்துக்கொடுத்த பொருள், அடுத்தவர் குனிந்து கண்ணை வைப்பதற்குள் விளிம்பைத் தொடும். அவர் ஒன்றும் தெரியவில்லையே என்று சங்கடப்பட்டு, தெரிந்ததாகச் சொல்லிவிட்டு நகர்வார். இதுதான் இத்தகைய இரவுகளில் நடக்கும் பெரிய அநியாயம். 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 48 மடங்கு, ஒரு பாகைக்குச் சற்று மேல் வானம், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நான்கு நிமிடம். பொருள் நுழைகிற விளிம்போரம் வைத்துவிட்டால் மூன்று பேர் நிதானமாகப் பார்க்கலாம். ஒவ்வொருவரிடமும் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் முப்பது பேருக்கு அரை மணி. எனவே ஒரு டெலஸ்கோப்புக்குப் பதினைந்து பேர் என்று வைத்துக்கொண்டு, மீதிப்பேரை 10x50 பைனாகுலரிடம் அனுப்புங்கள். கார்த்திகை நட்சத்திரக் கூட்டமும் பூசத்தின் தேன்கூடு என்னும் கொத்தும் ஒன்றரைப் பாகைக்கு மேல் விரிந்தவை, 48 மடங்கில் அடங்காமல் சிதறிப்போகும். அவை பைனாகுலருக்கே உரியவை.

கண் இருட்டுக்குப் பழக இருபதிலிருந்து முப்பது நிமிடம் வேண்டும், ஒரு மொபைல் வெளிச்சம் அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். வண்டிகளை முகப்பு வெளிப்பக்கம் பார்க்க நிறுத்துங்கள். கிளம்பும்போது ஹெட்லைட் கூட்டத்தின்மேல் விழாது. பச்சை லேசர் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். அதை வண்டி, விலங்கு, விமானம் எதன்மேலும் காட்டக் கூடாது. மங்கலான நெபுலாவை நேராகப் பார்க்காமல் கொஞ்சம் ஓரத்தில் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள், விழித்திரையின் ஓரத்துக்கே மங்கல் ஒளியைப் பிடிக்கும் திறன் அதிகம்.

எதைக் காட்டுவது? மாசி மாதமானால் மிருகசீரிடக் கூட்டத்துக்குக் கீழே உள்ள ஓரியன் நெபுலாவில் தொடங்குங்கள். ஏறத்தாழ 1300 ஒளியாண்டுத் தொலைவு, நடுவில் நான்கு நட்சத்திரங்கள் தெளிவாகப் பிரியும். ஆனால் இந்த ஊரில் கூட்டம் உண்மையில் கேட்பது வேறு. மலையாளிகள் பிறந்தநாளை நட்சத்திரத்தை வைத்தே கொண்டாடுகிறவர்கள். என் நட்சத்திரம் எங்கே என்று கேட்காதவர் இருக்க மாட்டார்கள், நம்மவர்களும் அப்படித்தான். அதற்கு ஆயத்தமாக இருங்கள். மார்ச் நடுவில் இரவு ஒன்பது மணிக்கு மேற்கே கார்த்திகையும் ரோகிணியும், மேலே திருவாதிரை, புனர்பூசம், பூசம், கிழக்கே மகம், பூரம், உத்திரம் நிற்கும். அஸ்தம் ஏறிக்கொண்டிருக்கும். பதினோரு மணிக்குச் சித்திரையும் சுவாதியும் வசதியான உயரத்துக்கு வந்துவிடும். அனுஷம், கேட்டை நள்ளிரவுக்குப் பின். திருவோணக்காரர்கள் மூன்று மணிக்கு மேல் விழித்திருக்க வேண்டும். ஓணம் கொண்டாடும் மாதத்தில் அந்த நட்சத்திரம் முன்னிரவில் தலைக்கு மேலே இருக்கும், மேகம்தான் விடாது. திருவாதிரையைச் சிவப்பாகக் காட்டியதும் பேச்சு தானாகவே தொடங்கிவிடும். தனுமாதத் திருவாதிரையும் நம் மார்கழி ஆருத்ரா தரிசனமும் ஒரே நாளில் வருவதை இரண்டு வீட்டுப் பாட்டிமாரும் பேசிக்கொள்வார்கள்.

பதினோரு மணிக்கு மேல் இருப்பவர்களுக்கு ஒமேகா செந்தாரி. வெறுங்கண்ணுக்கு மங்கிய ஒற்றை நட்சத்திரம். 48 மடங்கில் பார்வை வட்டத்தின் பாதியை நிறைத்துக்கொண்டு பொடிப்பொடியாக உதிரும். சுமார் 17,000 ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள, நம் பால்வீதியின் மிகப்பெரிய கோளக் கொத்து அது. குழந்தைகளைத் தூங்கவிடாமல் அதுவரை வைத்திருப்பது வீண் என்று சிலர் சொல்வார்கள். எங்களுக்கு உடன்பாடில்லை, திண்ணையில் தூங்கட்டும், எழுப்பிக் காட்டுங்கள். கூட ஒரு உறுதியான முக்காலி ஸ்டூல் வேண்டும், ஐபீஸைப் பிடித்துத் தொங்காமல் இருக்க.

மறையூர் வெல்லம் போட்ட சுக்குக்காப்பியும் வேகவைத்த கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் (துவையல்) இருபதடி தள்ளி வையுங்கள். மிளகாய்க் கையோடு ஐபீஸைத் தொட்டால் அடுத்தவர் கண் எரியும்.

முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து, வண்டி வரிசையாகக் கிளம்ப வேண்டும். தனியாக யாரையும் நடந்து அனுப்பாதீர்கள். குழாய் பனியில் நனைந்திருந்தால் மூடி போட்டு உறையில் கட்டிவிடாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்று கண்ணாடியில் பூஞ்சை படரும். வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு முனையும் திறந்து, தூசு விழாதபடி வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து மறுநாள் மதியம்வரை வையுங்கள். காய்ந்தபின் மூடுங்கள். ஐபீஸ்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடுகிற டப்பாவில் போட்டுவிட்டால், ஜூன் வரும்வரை கவலையில்லை. மழைக்காலம் முழுக்க மாதம் ஒருமுறை அந்தப் பொட்டலங்களை வெயிலிலோ இளஞ்சூட்டிலோ காயவைத்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.