தாத்தாவின் இனிஷியல் இல்லையாம் அது

கடிகாரம் ஓடுகிறது. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மூன்றரை நிமிடத்துக்கு மேல் பின்தங்குகிறது. பெண்டுலத்துத் தட்டை ஏற்றினால் வேகமாகும், ஆனால் மேலே ஏற்ற இனி மரையே இல்லை. மூன்று வாரமாக இதோடு மல்லுக்கட்டி, கடைசியில் கண்டுபிடித்தது வேறு ஒரு விஷயம்.

தாத்தா காலத்துச் சுவர்க்கடிகாரம். டயலில் மூன்று சாவித் துளைகள். இடது துளை மணியடிக்க, நடுத்துளை ஓட்டத்துக்கு, வலது துளை கால்மணி ராகத்துக்கு. ராகம் வெஸ்ட்மின்ஸ்டர்தான், லண்டன் பிக் பென் மணிக்கூண்டில் ஒலிப்பது. சங்கராபரணத்தில் பாடிப் பார்த்தால் முதல் கால்மணிக்கு ‘க ரி ஸ’, அப்புறம் கீழ்ப் பஞ்சமம். அரை மணிக்கு ‘ஸ க ரி ப, ஸ ரி க ஸ’. மொத்தம் ஐந்தே தொடர்கள், ஒவ்வொன்றிலும் நான்கு சுரம். அதே வரிசையில் சுற்றிச் சுற்றி வந்து, ஒரு மணி நேரத்தில் பத்துத் தொடர், அதாவது நாற்பது சுரம் ஒலிக்கும். எங்கள் வீட்டுக் கடிகாரத்தில் மட்டும் கால்மணிக்கு இரண்டு சுரம் அடித்துவிட்டு நின்று, மீதியை அரை மணிக்குப் பாடுகிறது. அந்தக் கதை பிறகு.

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ‘உண்மை’கள் மூன்று. ஒன்று, டயலில் எழுதியிருக்கும் பெயர்தான் தயாரித்த கம்பெனி. இரண்டு, பெண்டுலத்துத் தட்டின் நடுவில் இருக்கும் திருகுக்கு இருபுறமும் பொறித்த ‘ஆர்’, ‘ஏ’ என்ற எழுத்துகள் தாத்தாவின் இனிஷியல், அவருக்காகவே செய்தது. மூன்று, கடிகாரம் 1880களைச் சேர்ந்தது.

முதல் இரண்டையும் நான் நம்பித்தான் தேடினேன். இரண்டு வாரம் போனது. டயலில் இருப்பது அன்று விற்ற கடையின் பெயர். அந்தக் கால வழக்கம் அது. ‘ஆர்’, ‘ஏ’ இன்னும் மோசம். பிரெஞ்சில் ‘ரிதார்’, ‘அவான்ஸ்’. இந்தப் பக்கம் திருகினால் மெதுவாகும், அந்தப் பக்கம் திருகினால் வேகமாகும், அவ்வளவுதான். ஏற்றுமதிக்கென்று ஜெர்மனியில் செய்த எத்தனையோ கடிகாரங்களில் இது உண்டு. அதையே கம்பெனிப் பெயராக நினைத்து ‘ஆர்.ஏ. கடிகாரம்’ என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். இதைச் சொன்னபோது பெரியப்பாவின் முகம் விழுந்துவிட்டது. சொல்லாமலே இருந்திருக்கலாம்.

சரி, உண்மையான விவரம் மெஷினின் பின் தகட்டில்தான் இருக்கும். பல் டாக்டரிடம் இருக்கும் மாதிரி சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்து, மெஷினைக் கழற்றாமலே பார்த்துவிடலாம் என்று ஒரு மாலை முழுக்க முயன்றேன். சுத்தியல்களும், அவற்றைத் தூக்கிவிடும் ராக உருளையும் மறைக்கின்றன. மீதி இடத்தில் பழைய எண்ணெய் தார் மாதிரி இறுகிக் கிடக்கிறது. வேறு வழியில்லை, கழற்றினேன். (மூன்று ஸ்பிரிங்கையும் தளர்த்திய பிறகுதான். ராக ஸ்பிரிங்தான் மூன்றிலும் முரடு, கைச்சாவி லேசாக நழுவியதில் கட்டைவிரல் இரண்டு நாள் வீங்கியிருந்தது.)

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைக்கத் துடைக்க, குறுக்காக வைத்த இரண்டு அம்புகள் தெரிந்தன. ஹாம்பர்க் அமெரிக்கன் கடிகாரக் கம்பெனியின் முத்திரை அது. பெயரில் ஹாம்பர்க்கும் அமெரிக்காவும் இருந்தாலும் தொழிற்சாலை இருந்தது ஜெர்மனியின் ஷ்ராம்பெர்க்கில், யுங்ஹான்ஸ் என்ற பெரிய கடிகாரக் கம்பெனியின் அதே ஊர். 1930 வாக்கில் யுங்ஹான்ஸுடனே இணைந்துவிட்டது. ஆகவே மெஷின் பெரும்பாலும் அதற்கு முந்தியது. ராகம் ஒலிப்பது சுருள் கம்பியில் அல்ல, இரும்புக் கட்டையில் திருகிய நேர்க்கம்பிகளில். வீட்டுக் கடிகாரங்களில் அது பரவியது இருபதாம் நூற்றாண்டில்தான். 1880கள் போச்சு. ‘அந்த ராகம் 1859லிருந்தே லண்டனில் ஒலிக்கிறதே’ என்று பெரியப்பா வாதாடினார். ராகத்தின் வயது வேறு, மெஷினின் வயது வேறு என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

அம்புகளுக்குக் கீழே ‘42/100’ என்று ஒரு எண். மாடல் எண் என்று நினைத்து அதையும் ஒரு நாள் தேடினேன். உண்மையில் அது சொல்வது: பெண்டுலத்தின் மொத்த நீளம் 42 செ.மீ., நிமிடத்துக்கு 100 ‘டிக்’. கணக்குப் போட்டால் 100 டிக்குக்கு 36 செ.மீ. போதும். எடையின் மையம் அடிநுனிக்கு மேலே இருப்பதால் மொத்த நீளம் 42 வரை போகிறது. உடனே எங்கள் பெண்டுலத்தை அளந்தேன். 47! கைபேசியில் பதிவு செய்து எண்ணினால் நிமிடத்துக்கு 94 டிக். நூற்றுக்கு ஆறு குறைகிறது, ஒரு மணி நேரத்தில் அதுவே மூன்றரை நிமிடத்துக்கு மேல். பெண்டுலம் தொங்கும் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை மாற்றி, பல் சக்கரத்தைத் துடைத்து, முள்ளைக் கழற்றி மாட்டி நான் பட்டதெல்லாம் வீண். பெண்டுலமே இந்த மெஷினுடையது இல்லை.

அப்படியானால் யாருடையது? பெட்டியின் பின்பலகையைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தேன். கம்பிக் கட்டைக்குப் பக்கத்தில் பயன்படாத இரண்டு திருகுத் துளைகள். அவற்றைச் சுற்றி, மரம் கறுக்காமல் வெளுத்த ஒரு வட்டம். அங்கே முதலில் மணி மட்டும் அடிக்கும் சுருள் கம்பி இருந்திருக்கிறது. டயலில் மூன்று துளைகளுக்கும் ஒரே மாதிரிப் பித்தளை வளையம், ஆகவே டயலும் மெஷினும் சோடி. பெட்டியும் பெண்டுலமும் ராகமே இல்லாத வேறு கடிகாரத்திலிருந்து வந்தவை. யாரோ எப்போதோ கல்யாணம் பண்ணி வைத்திருக்கிறார்கள்.

மதிப்பு விஷயத்தில் இது பெரிய அடி. இந்த வகை மெஷின்கள் ஏராளமாகச் செய்யப்பட்டவை. சேகரிப்பவர்கள் காசு கொடுப்பது மாறாத பெட்டிக்கும், மெருகு போடாத பழைய வார்னிஷுக்கும்தான். விலை பார்க்கிறவர்கள் விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்ததைப் பாருங்கள். காப்பீட்டுக்கு எழுதும் தொகை வேறு, ஏலத்தில் கைக்கு வருவது வேறு. நான் பார்த்தவரை என்னுடையது கீழ்த்தட்டில்தான் நிற்கிறது.

42 செ.மீ. பெண்டுலம் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். விற்பவர்கள் தட்டின் விட்டத்தை மட்டும் போடுகிறார்கள், கொக்கியிலிருந்து அடிவரை எவ்வளவு என்று கேட்டால் பதிலே இல்லை. இதற்கிடையே நாலைந்து புஷ் (சக்கர அச்சு சுழலும் துளைக்குள் போடும் வளையம்) மாற்ற வேண்டும், அதற்குத் துளையைச் சீராகப் பெரிதாக்கும் நல்ல ரீமர் செட் வாங்க வேண்டும், அது வந்தால் இன்னொரு மேசைக் கடிகாரத்தையும் பிரித்துவிடலாம் என்று கை அரிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ராக உருளையைப் பார்க்கிறேன். முன்பு பிரித்தவர் அதன் சக்கரத்தை இரண்டு மூன்று பல் தள்ளி மாட்டியிருக்கிறார் என்பது என் சந்தேகம். திருகைத் தளர்த்தி, ‘க ரி ஸ ப’ முடிந்ததும் நிற்கிற இடம் வரை உருட்ட வேண்டும். புதுப் பெண்டுலம் கிடைத்ததும் பழையதைத் துடைத்துப் பெரியப்பாவிடம் கொடுத்துவிடுவேன். அவர் அந்த எழுத்துகளை இன்னும் இனிஷியல் என்றே சொல்கிறார்.