ஒரு பக்கத்தில் அடங்காத நாவல்

2019 ஆகஸ்டில் என் முதல் நாவலின் 412 பக்கத்தையும் நகலெடுத்து, சுருள் பைண்டிங் போட்டு, சென்னையில் இருக்கும் மூன்று பதிப்பகங்களுக்கு ஈரோட்டிலிருந்து கூரியரில் அனுப்பினேன். கூடவே நாலு பக்கக் கடிதம். எனக்கு எழுத்தில் ஆசை வந்த விதம், எங்க அப்பாரு சொன்ன பழங்கதைகள், எங்கள் மண்ணின் பெருமை எல்லாம் அதில் இருந்தன. நாவலில் வருவது யார், அவளுக்கு என்ன ஆகிறது என்பது மட்டும் இல்லை. இரண்டு இடத்திலிருந்து பதிலே வரவில்லை. மூன்றாவது இடத்திலிருந்து போன் வந்தது. 65,000 ரூபாய் கட்டினால் 300 பிரதி அச்சிட்டுத் தருவதாகச் சொன்னார்கள்.

நாலு வருஷம் கழித்து அதே நாவல் 248 பக்கமாகி, என் கையிலிருந்து ஒரு ரூபாய் போகாமல் அச்சுக்குப் போனது. இடையில் நான் கற்றதில் பெரும்பங்கு லண்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கும் இலக்கிய முகவர்கள் (எழுத்தாளரின் பிரதியைப் பதிப்பகத்துக்கு விற்றுத் தருகிறவர்கள்) புதிய எழுத்தாளர்களுக்காக எழுதிவைத்த அறிவுரைகளிலிருந்து வந்தது. அவர்களில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஒருவருக்கும் கடிதம் போட்டதும் இல்லை.

நான் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். என் மகள் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். 2021இல் ஊரடங்குக்காக வீட்டுக்கு வந்திருந்தபோது என் நோட்டுகளைப் பார்த்துவிட்டு ஒரு ராத்திரி சொன்னாள்.

"அம்மா, வெளிநாட்டுல எழுதறவங்க நேரா பதிப்பகத்துக்குப் போறதில்லையாமா. நடுவுல ஏஜென்ட்டுன்னு ஒருத்தர் இருக்காங்க."

"தரகா?"

"தரகு மாதிரித்தான். ஆனா முன்னாடியே காசு வாங்கக்கூடாதாம். வித்துக் குடுத்தாத்தான் பங்கு."

மண்டியில் இருக்கிறவளுக்கு இது உடனே புரிந்தது. உள்நாட்டு விற்பனையில் வழக்கமாக 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைக்கும் மொழிபெயர்ப்புக்கும் 20 சதவீதம் என்று முகவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தத் தொழிலைத் தொடங்கிவைத்தவர் என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் லண்டனில் இருந்த ஏ.பி.வாட்டைச் சொல்வார்கள். அவர் வாங்கியது 10 சதவீதம். படித்துப் பார்ப்பதற்கே கட்டணம் கேட்பதை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருக்கும் முகவர் சங்கங்கள் ஏற்பதில்லை. இதைப் படித்த அன்றைக்குத்தான் 65,000 ரூபாய் கட்டியிருக்கலாமோ என்ற கேள்வி என் மனதைவிட்டு இறங்கியது. சொந்தக் காசில் அச்சிடுவது தப்பில்லை. தெரிந்தே செய்கிறவர்கள் செய்யலாம். ஆனால் என் நாவலை ஒரு பக்கம்கூடப் படிக்காமல் விலை சொன்னவர் என் பதிப்பாளர் இல்லை. அது எனக்குத் தெளிவாகிவிட்டது.

தமிழில் முகவர் என்ற ஆளே கிட்டத்தட்ட இல்லை. ஜெய்ப்பூரில் சியாஹி, தில்லியில் ரைட்டர்ஸ் சைடு என்று இந்தியாவிலும் முகமைகள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்துக்குப் போகும் மொழிபெயர்ப்புக்கும்தான். பிறகு ஏன் அந்த அறிவுரைகளைப் படிக்க வேண்டும் என்று மகளே கேட்டாள். மேசையில் குவிந்து கிடக்கும் கடிதங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவர் எதைப் பார்க்கிறார், எந்த இடத்தில் படிப்பதை நிறுத்துகிறார் என்பதை அவர்களைப்போல வெளிப்படையாகச் சொன்னவர்களை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. நம் பதிப்பாளரும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். உதவிக்கு ஆளில்லாமல், பெரும்பாலும் அச்சகத்துக்கும் ஓடிக்கொண்டு.

முகவர்கள் கேட்பது மூன்று. ஒரு பக்கத்துக்குள் ஒரு கடிதம், ஒரு பக்கத்திலிருந்து இரண்டு பக்கம்வரை கதைச்சுருக்கம், நாவலின் தொடக்கப் பக்கங்கள். முழுப்பிரதியை அவர்கள் கேட்ட பிறகுதான் அனுப்ப வேண்டும். எங்கள் முதலாளியிடம் இதைச் சொன்னேன். அவர் மாதிரித் தட்டிலிருந்து ஒரு விரலி மஞ்சளை எடுத்து ஒடித்து, உள்நிறத்தைக் காட்டினார். "இத்தன வருஷமா இங்க இதத்தானே அம்மணி பாக்கறே. மாதிரியில கல்லு கெடந்தா மூட்டைய எவன் பிரிப்பான்?"

கடிதத்தில் நாவலைப் பற்றி ஒரே பத்தி போதும் என்கிறார்கள். முக்கியமான ஆள் யார், அவளுக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, கிடைக்காவிட்டால் எதை இழப்பாள் என்று நாலு கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். பிறகு தலைப்பு, அளவு, என்ன வகை. நம்மைப் பற்றி இரண்டு மூன்று வரி. "மண்ணின் மணம்", "மனிதநேயம்" என்று கருப்பொருளைச் சொல்லக்கூடாது. வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள் என்று எழுதக்கூடாது. என் பழைய கடிதத்தில் இந்த இரண்டும் இருந்தன. 17 தடவை மாற்றி எழுதி, கடைசியில் நின்ற பத்தி இது:

"2010. மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய வருஷம். காளிங்கராயன் வாய்க்கால் கடைமடையில் இரண்டு ஏக்கர் காடு வைத்திருக்கும் நாச்சாத்தாள் 40 மூட்டை மஞ்சளை விற்காமல் குடோனில் போட்டு வைக்கிறாள். அடமானத்தில் இருக்கும் காட்டை மீட்க இன்னும் கொஞ்சம் விலை ஏற வேண்டும். விலை இறங்க ஆரம்பிக்கிறது. காட்டைச் சாயப்பட்டறைக்கு விற்றுவிடலாம் என்று மகன் நிற்கிறான். மூட்டையை விற்றால் காடு போகும், வைத்திருந்தால் மகன் போவான்."

இதை எழுதி முடித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம் வந்தது. ஏனென்றால் நாச்சாத்தாள் குடோனைப் பூட்டுவது என் நாவலில் 190ஆம் பக்கத்தில்.

கதைச்சுருக்கம் எழுத உட்கார்ந்ததும் அந்தப் பயம் உறுதியானது. சுருக்கத்தில் முடிவை மறைக்கக்கூடாது என்பது விதி. புத்தகத்தின் பின்னட்டையில் வாசகரை இழுக்க எழுதுவது வேறு, இது வேறு. கதையைக் கட்டத் தெரிந்தவரா என்று பார்க்கத்தான் இதைக் கேட்கிறார்கள். மூன்று நாலு பெயருக்கு மேல் வரக்கூடாது. என்னால் ஆறு பக்கத்துக்குக் கீழே இறக்கவே முடியவில்லை. 23 பெயர் வந்தது. எதை விட்டாலும் என் ஆத்தாவையே விட்டதுபோல இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஆறு பக்கத்தையும் தரையில் பரப்பி வைத்து, ஒவ்வொரு வாக்கியமும் எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்று பென்சிலால் கோடு போட்டேன். முதல் மூன்று பக்கமும் "பிறகு", "அப்புறம்", "சில வருஷம் கழித்து". தாத்தா வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை போட்டார், பிறகு அப்பா மில்லுக்குப் போனார், பிறகு கல்யாணம், பிறகு பஞ்சம். நாலாவது பக்கத்தில், குடோன் பூட்டப்பட்ட இடத்திலிருந்து, வாக்கியங்கள் "அதனால்" என்றும் "ஆனால்" என்றும் தொடங்கியிருந்தன. அங்கே ஒன்று நடந்ததால் இன்னொன்று நடக்கிறது. அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் எனக்குத் தெரிந்த சேதிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைத்தது.

சுருக்கம் எழுதத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுருக்க முடியாமல் இருந்தது நாவல்தான்.

அடுத்த 14 மாதம் வேறு வேலை வைத்துக்கொள்ளவில்லை. முதல் 189 பக்கத்தை எடுத்துவிட்டு, அதில் தேவையானதை மட்டும் நாச்சாத்தாளின் வாய்வழியாக, அவளுக்கு நினைவு வரும் இடத்தில் வைத்தேன். தாத்தாவின் தண்ணீர்ச் சண்டை இரண்டு பக்கமாகக் குறைந்து, மகனோடு அவள் பேசாமல் போகும் ராத்திரிக்குள் போய் உட்கார்ந்தது. அங்கே அது வலித்தது. முன்பு 30 பக்கம் எழுதியும் வலிக்காத இடம் அது.

தொடக்கப் பக்கத்துக்கும் முகவர்கள் சொன்னதைக் கேட்டேன். கனவில் தொடங்குவதும், விழித்தெழுந்து கண்ணாடி பார்ப்பதும், வானிலையை வர்ணிப்பதும் தங்களுக்கு தினமும் வருகிறது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். என் நாவல் கிழக்கு வெளுப்பதில் தொடங்கியது. இப்போது பூட்டு வாங்கும் கடையில் தொடங்குகிறது.

எல்லாமே நமக்குப் பொருந்தாது. ஆங்கிலத்தில் முதல் நாவல் 80,000 முதல் 1,00,000 சொல் இருக்கலாம் என்பார்கள். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே கதை குறைந்த சொல்லில் முடிந்துவிடும். என் 248 பக்கம் ஏறத்தாழ 50,000 சொல்தான், அது முழு நாவல்தான். எழுத்துரு விஷயத்தை அவர்கள் சொல்லமாட்டார்கள், நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். என் பழைய பிரதி ஒருங்குறி (யூனிகோடு) இல்லாத எழுத்துருவில் தட்டியது. இன்னொரு கணினியில் திறந்தால் வெறும் குறியீடாகத் தெரியும். மகள் உட்கார்ந்து முழுவதையும் ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுத்தாள்.

காலமும் நம்முடையது வேறு. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருவதால் அக்டோபரிலிருந்தே பதிப்பகங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பொங்கல் கழிந்து, காட்சி முடிந்து, பிப்ரவரிக்கு மேல் அனுப்புவதுதான் நல்லது.

யாருக்கு அனுப்புவது? உங்களுக்குப் பிடித்த நாவல்களின் நன்றியுரையைப் படியுங்கள், அங்கே முகவரின் பெயர் இருக்கும் என்பது அவர்கள் காட்டும் வழி. 2022 ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு ஐந்து நாள் போனேன். கிராமத்து வாழ்க்கையை எழுதும் நாவல்களை எந்தப் பதிப்பகம் தொடர்ந்து போடுகிறது, நன்றியுரையில் எந்தப் பதிப்பாசிரியருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள் என்று அரங்கு அரங்காகப் பார்த்து நோட்டில் குறித்தேன். பிரதியை யார் கையிலும் திணிக்கவில்லை. விற்பனை நடக்கும்போது அது அவர்களுக்குத் தொந்தரவு. ஏழு பெயர் கிடைத்தது.

2023 பிப்ரவரியில் முதலில் நாலு பேருக்கு மட்டும் அனுப்பினேன். ஏழு பேருக்கும் ஒரே நாளில் அனுப்பிவிட்டால், கடிதத்தில் குறை இருந்து திருத்தினாலும் அனுப்ப ஆள் இருக்காது. மண்டியில் சரக்கைக் குறிக்க லாட்டுப் புத்தகம் வைப்பதுபோலவே இதற்கும் ஒரு நோட்டு: தேதி, யாருக்கு, என்ன அனுப்பினேன், என்ன பதில். வேறு இடத்துக்கும் அனுப்பியிருப்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிட்டேன்.

இரண்டு பேர் பதில் போடவில்லை. ஒருவர் "எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை" என்று ஒரு வரி எழுதினார். நாலாமவர் மறுத்தார், ஆனால் மகன் பாத்திரம் வெறும் எதிரியாக நிற்கிறது என்று காரணம் சொல்லியிருந்தார். காரணத்தோடு வரும் மறுப்பு அபூர்வம், அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று படித்திருந்ததால் அழவில்லை. மகன் வரும் மூன்று அத்தியாயங்களைத் திரும்ப எழுதி ஏப்ரலில் மீதி மூன்று பேருக்கு அனுப்பினேன். ஜூன் 12ஆம் தேதி, மண்டியில் ஏலம் நடந்துகொண்டிருந்த நேரத்தில், முழுப்பிரதி கேட்டு மின்னஞ்சல் வந்தது. நாவலைப் போடுகிறோம் என்று ஜூலையில் சொன்னார்கள்.

ஒப்பந்தம் பேசித் தர முகவர் இல்லாததால் அதை நானே கற்க வேண்டியிருந்தது. வந்தது ஒரே தாள். ராயல்டி, அதாவது விற்பனையில் எழுத்தாளருக்கு வரும் பங்கு, 10 சதவீதம், அது நம்மிடம் வழக்கம்தான். ஆனால் "எல்லா உரிமைகளும் பதிப்பகத்துக்கே" என்று ஒரு வரி இருந்தது. 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவைப் பிரிண்ட் எடுத்துப் படித்தேன். உரிமையை எழுதிக் கொடுப்பது எழுத்தில் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். நான் மூன்று மாற்றம் கேட்டேன். காலம் ஐந்து வருஷம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும், அச்சுப்புத்தகத்துக்கு மட்டும் உரிமை, மொழிபெயர்ப்பும் திரைப்பட உரிமையும் என்னிடம். கேட்டால் புத்தகமே போய்விடுமோ என்று இரண்டு நாள் தூங்கவில்லை. "சரிங்கம்மா, மாத்தி அனுப்பறோம்" என்று ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். புதிதாக எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கேளுங்கள்.

நவம்பரில் மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன்னால் பிழை பார்க்கும் பிரதி, வந்தது. ராத்திரி சமையல் முடித்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே "விரலி" என்பது "விரல்" ஆகியிருந்தது. மெய்ப்புத் திருத்தியவருக்கு எங்கள் பக்கத்துப் பேச்சு தெரியாது, அவர்மேல் குற்றமில்லை. ஆனால் 41ஆம் பக்கத்தில் "அப்பாரு செத்த வருஷம்" என்பது "அப்பா செத்த வருஷம்" என்று இருந்தது. அப்பாரு என்றால் எங்களுக்குத் தாத்தா. நாச்சாத்தாளின் அப்பா கடைசி அத்தியாயத்தில் உயிரோடு வந்து குடோன் சாவியை வாங்குகிறார்.

இப்படி 31 இடம். சிவப்பு மையில் ஒவ்வொன்றாகத் திருத்தி, எந்தச் சொல் என்ன அர்த்தம், ஏன் மாற்றக்கூடாது என்று ஒரு பக்கத்துக்குள் கடிதம் எழுதி, காலையில் ஏலம் தொடங்கும் முன்னால் மண்டியிலேயே ஸ்கேன் செய்து அனுப்பிவைத்தேன்.