எட்டு மணி மாத்திரை

ஜூலை பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் புக்கிட் மெர்தாஜாம் பேச்சு வந்துவிடும். மலேசியாவில் பினாங்குத் தீவுக்கு எதிரே, பெருநிலப் பக்கத்தில், மலையடியில் இருக்கிறது புனித அன்னம்மாள் திருத்தலம். ஜூலை 26 அன்னை மரியாவின் தாயான அன்னம்மாளின் திருநாள். சின்ன வயதில் கோலாலம்பூர் செந்தூலிலிருந்து பஸ்ஸில் போவோம். இரண்டு நாளைக்கு முன்பே அம்மா புளிச்சோறு கட்டும் இலைக்குச் சொல்லி வைத்துவிடுவார். கல்யாணத்துக்குப் பிறகு என் கணவர் காரில் அழைத்துப் போனார். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் தளர்ந்தது. அதோடு போவது நின்றுவிட்டது.

இந்த வருடம் அவரே சொன்னார், "நீ போயிட்டு வா. எனக்கும் சேர்த்து ஒரு மெழுகுவத்தி ஏத்து."

சரி என்றேன். அன்றே ஏற்பாடுகளைத் தொடங்கிவிட்டேன். நான் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை செய்பவள். எதையும் எழுதி வைக்காமல் எனக்கு ஓடாது. போக, வர ரயில் டிக்கெட், ஓர் இரவுக்கு அறை, அவருக்கு மூன்று வேளைச் சாப்பாடு, காலையில் வந்து எட்டிப் பார்க்க நாத்தனார். இரவு எட்டு மணி மாத்திரைக்கு நான் போனில் கூப்பிடுவது என்று வைத்துக்கொண்டேன். ரத்த அழுத்த மாத்திரையும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையும் அந்த நேரத்துக்குத்தான். இரண்டு வருடத்தில் ஒரு நாளும் அது தவறியதில்லை, நான் தவற விட்டதில்லை. எல்லா ஏற்பாடும் முடிந்த பிறகு, படுக்கப் போகும் முன் செபமாலையைக் கையில் எடுத்து, "ஆண்டவரே, எல்லாம் நல்லபடியா நடக்கணும்" என்று சொன்னேன்.

என் செபம் பல வருடமாக இப்படித்தான் இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் நானே முடிவு செய்து, ஃபைலைத் தைத்து, கடைசியில் கையெழுத்துக்கு மட்டும் ஆண்டவரிடம் கொண்டுபோய் வைப்பேன். இதை அன்று நான் உணரவில்லை.

கே.எல் சென்ட்ரலிலிருந்து இ.டி.எஸ் என்ற மின்சார விரைவு ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஈப்போவைத் தாண்டும்போது சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்துக்கொண்டே செபமாலை சொன்னேன். புக்கிட் மெர்தாஜாம் நிலையத்தில் பையும் குடையும் போனுமாக இறங்கும்போது கை வழுக்கியது. போன் நடைமேடையில் முனை குத்தி விழுந்தது. எடுத்துப் பார்த்தால் திரை கறுத்துப்போயிருந்தது. அழுத்தினேன், தட்டினேன். ஒன்றும் இல்லை. என் டிக்கெட், அறைப் பதிவு, வாடகைக் கார், பணம், எட்டு மணி அலாரம் எல்லாம் அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள் போய்விட்டன. கைப்பையில் அறுபது ரிங்கிட் இருந்தது. மகனின் எண்கூட மனப்பாடமாக இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே எண் என் கணவருடையது. கல்யாணத்துக்கு முன் பொதுத் தொலைபேசியில் சில்லறை போட்டு அழுத்திய காலத்திலிருந்து பழகிய பழக்கம், அவர் எண்ணை மட்டும் விரல் மறக்கவில்லை.

நிலைய வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என்னைக் கடந்துபோன ஒரு வயதான அம்மா திரும்பி வந்தார். வெள்ளைச் சேலை, கழுத்தில் கத்தோலிக்கர் அணியும் உத்தரியம்.

"கோயிலுக்குத்தானம்மா? ஏன் ஒத்தையில நிக்கிற? பசியாறிட்டியா?"

பசியாறிட்டியா என்ற அந்த ஒரு கேள்வியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வருடமாக அந்தக் கேள்வியை நான்தான் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரை ரயிலிலிருந்து அழைத்துப்போகப் பேரன் வேனோடு வந்திருந்தான். மற்றவர்கள் சுங்கை சிப்புட்டிலிருந்து அந்த வேனிலேயே வந்திருந்தார்கள். எனக்கும் ஓர் ஓரத்தில் இடம் கிடைத்தது. பேரனின் போனிலிருந்து என் கணவருக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தெரியாத எண் என்றால் அவர் எடுக்கமாட்டார். மோசடி அழைப்புகள் நிறைய வருகின்றன, எடுக்கவே கூடாது என்று அவருக்குச் சொல்லி வைத்ததே நான்தான்.

கோயில் வளாகத்தில் ஜனக்கடல். தமிழர், சீனர், சபா சரவாக் மக்கள், தாய்லாந்திலிருந்து வந்தவர்கள். புதுக் கோயில் பெரியது, காற்றோட்டமானது. ஆனால் என் கால் எப்போதும் பழைய கோயில் பக்கம்தான் போகும். 1888ல் கட்டியது. அவசரகாலம் என்று சொல்வார்களே, கம்யூனிஸ்ட்டுகளோடு சண்டை நடந்த அந்தக் காலத்தில் இந்த மலையடி கம்யூனிஸ்ட்டுகள் நடமாடும் 'கறுப்புப் பகுதி' ஆகி, கோயில் பூட்டப்பட்டுக் கிடந்தது. பிறகு கதவு திறந்து, மக்கள் திரும்பி வந்து, இன்றைக்கு இது திருத்தந்தை வழங்கும் 'சிறு பசிலிக்கா' என்ற தகுதியோடு நிற்கிறது. பூட்டிக் கிடந்த வருடங்களில் இதைக் காப்பாற்ற யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. அந்தச் சுவரைத் தொடும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வரும். இந்த முறை கையை எடுக்கவே மனம் வரவில்லை.

பழைய கோயிலுக்குப் பின்னால் மலைச்சரிவில் சிலுவைப் பாதை நிலைகள் இருக்கின்றன. அந்த அம்மாவால் முழுக்க ஏற முடியாது. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஐந்தாம் நிலைவரை வந்தார். சீரேன் ஊர் சீமோன் இயேசுவின் சிலுவையைச் சுமக்கும் நிலை. மாற்கு நற்செய்தியில் இது ஒரே ஒரு வசனம்தான். வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தவர், அலக்சாந்தர், ரூபு என்பவர்களின் தந்தை, அவரைப் பிடித்துச் சுமக்கவைத்தார்கள். சின்ன வயதிலிருந்து இந்த நிலையில் நிற்கும்போது சீமோனைத்தான் பார்த்திருக்கிறேன். நானும் இவரைப்போல் பிறர் சுமையைச் சுமக்கவேண்டும் என்று வேண்டியிருக்கிறேன். அன்றைக்கு முதல்முறையாக இயேசுவைப் பார்த்தேன். உலகத்தைப் படைத்தவர், முன்பின் தெரியாத ஒரு ஆள் தன் சிலுவையைத் தூக்குவதற்கு விட்டுக்கொடுத்து நிற்கிறார். "வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லவில்லை. நான் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லும் வார்த்தை அது.

கீழே இறங்கி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். அவர் தம் கதையைச் சொன்னார். பதினான்கு வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர். விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கு கட்டி, குளிர் இருக்கும்போதே வெட்டவேண்டும், வெயில் ஏறினால் பால் ஓடாது. பச்சைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, தோள்கம்பில் மாட்டும் காண்டா வாளியைத் தூக்கிக்கொண்டு போவாராம். மழை பெய்தால் மரம் ஈரமாகிவிடும், வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குக் கூலி கிடையாது.

"ராத்திரி மழைச் சத்தம் கேட்டா எழுந்து உட்கார்ந்திருவேன்மா. நாளைக்கு அரிசிக்கு என்ன பண்றதுன்னு. எதைத் திட்டம் போடுறது? மழை என் பேச்சைக் கேட்குமா? அன்னம்மா தாயே, உன் பேரன்கிட்ட சொல்லுன்னு படுத்திருவேன். ஆறு பிள்ளை, ஒண்ணும் பட்டினி கிடந்ததில்ல."

உன் பேரன்கிட்ட சொல்லு! இயேசுவின் பாட்டியிடம் ஒரு பாட்டி பேசுகிற உரிமை. "எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று அளித்தருளும்" என்று நானும்தான் தினம் சொல்கிறேன். அந்த அம்மாவுக்கு அதில் வரும் 'இன்று' என்ற சொல் நிஜமாக இருந்திருக்கிறது. மாதச் சம்பளமும் சேமநிதியும் காப்புறுதியும் வந்த பிறகு எங்கள் தலைமுறைக்கு அந்தச் சொல்லின் எடை தெரியாமல் போய்விட்டது. சம்பளமும் சேமிப்பும் தப்பு என்று நான் சொல்லவரவில்லை. அவையும் ஆண்டவர் கொடுத்தவைதான். ஆனால் கொடுத்தவரை விட்டுவிட்டு நான் கொடுத்ததன்மேல் சாய்ந்துவிட்டேன்.

மாலைத் தமிழ்த் திருப்பலியில் ஃபாதர் 127ஆம் திருப்பாடலைச் சொன்னார். "ஆண்டவரே வீட்டைக் கட்டவில்லையெனில், அதைக் கட்டுவோரின் உழைப்பு வீணாகும், ஆண்டவரே நகரைக் காக்கவில்லையெனில், காவலர்கள் விழித்திருப்பதும் வீணாகும்." முதல் பாதி எல்லாருக்கும் தெரியும், கிரகப்பிரவேசப் பத்திரிகையில்கூடப் போடுகிறார்கள். இரண்டாவது பாதி எனக்கானது. என் வீட்டின் காவலாளி நான். இரவு இரண்டு மணிக்கு எழுந்து அவர் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். கதவைத் தாழிட்டேனா என்று மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். காவலன் விழித்திருக்கக்கூடாது என்று திருப்பாடல் சொல்லவில்லை. அவனுக்கு மேலே ஒருவர் விழித்திருக்கிறார், அதை அவன் மறக்கக்கூடாது. அதே பாடலின் அடுத்த வரியில், கடவுள் தம் அன்பர்களுக்கு அவர்கள் உறங்கும்போதே கொடுக்கிறார் என்று வருகிறது.

திருப்பலி முடிந்தது. நேரம் எட்டு ஆக இன்னும் கொஞ்சம் இருந்தது. பேரனின் போனில் மறுபடி முயன்றேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. இன்னொரு தடவை. எடுக்கவில்லை. குறுஞ்செய்தி அனுப்பினேன், அவர் படித்தாரா என்று தெரியவில்லை. என் வயிறு கலங்கியது. மாத்திரையை மறந்துவிட்டால்? எழுந்து வரும்போது விழுந்திருந்தால்? போன் அடிப்பது கேட்டும் எடுக்க முடியாமல் தரையில் கிடந்தால்? பவனிக்கு எல்லாரும் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா தன் சுடரிலிருந்து என் மெழுகுவத்தியைப் பற்றவைத்தார்.

"எடுக்கலியா?"

"எடுக்கலம்மா."

"சரி. உன்னால ஆனதைப் பண்ணிட்ட. இப்ப நடம்மா."

நடந்தேன். பூ அலங்காரத்தில் அன்னம்மாள் சுரூபம் முன்னே போனது. மாண்டரின், தமிழ், ஆங்கிலம், மலாய் என்று மாறி மாறி அருள்நிறை மரியே. ஆயிரமாயிரம் சுடர்கள். அன்னம்மாளைப் பற்றி விவிலியத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. பெயரே 2ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட யாக்கோபின் முதல் நற்செய்தி என்ற பழைய ஏட்டிலிருந்துதான் நமக்குக் கிடைக்கிறது. பிள்ளையில்லாமல் அழுது, பிறகு மரியாவைப் பெற்றெடுத்தவர் என்கிறது அது. மகளுக்கு மூன்று வயதானதும் நேர்ந்துகொண்டபடி கோயிலில் கொண்டுபோய் விட்டார்கள் என்றும் சொல்கிறது. அதைப் படித்த நாளிலிருந்தே அந்த இடம் எனக்கு உறுத்தும். அத்தனை வருடம் கேட்டுப் பெற்ற பிள்ளையை எப்படி மனசு வந்தது? படிக்கட்டில் குழந்தையை விட்டுவிட்டுத் திரும்பி நடந்த அந்தத் தாய்க்கு அன்று இரவு மகள் சாப்பிட்டாளா, அழுதாளா என்று தெரிந்திருக்காது.

எனக்கும் தெரியாது. எட்டு மணி தாண்டியிருந்தது. யாரிடமும் கேட்க முடியாது, எதையும் செய்ய முடியாது. கையில் மெழுகுவத்தி மட்டும். அப்போது என் வாயில் வந்த செபத்துக்கு முன்னேற்பாடு எதுவும் இல்லை. "ஆண்டவரே, அவர் உம்முடையவர். எனக்கு முன்னாலேயே உம்முடையவர்." இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நடந்தேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பயம் இருந்தது. ஆனால் பயத்தைக் கையில் பிடித்துக்கொண்டே ஒருவர்மேல் சாய்ந்து நடக்க முடிகிறது என்பது தெரிந்தது. மெழுகு உருகி விரலில் விழுந்ததைக்கூடப் பிறகுதான் பார்த்தேன்.

பவனி கலைந்த பிறகு பேரன் ஓடிவந்தான். "ஆன்ட்டி, உங்களுக்குத்தான்!"

குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டிருந்தார். என் குரல் நடுங்கியது. மாத்திரை?

"போட்டாச்சு. எட்டு மணிக்கே போட்டாச்சு."

"யார் எடுத்துக் குடுத்தா?"

"யார் குடுக்கணும்? டப்பா இங்கதானே இருக்கு. இடது கை நல்லாத்தானே இருக்கு."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவர் மெதுவாகச் சொன்னார், "ரெண்டு வருஷமா நானே போட்டுக்கணும்னு ஆசைதான். நீ விடமாட்டேன்னுதான் கேக்கல."

அந்த வார்த்தையை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். நான் அன்பு என்று நினைத்துச் செய்ததில், கடவுளுக்கு மட்டுமில்லை, என் கணவருக்கும் இடம் விடாமல் இருந்திருக்கிறேன். என்மேல் மட்டுமே நம்பிக்கை வைத்ததில் பக்கத்தில் இருப்பவரின் கையையும் கட்டிப்போட்டிருக்கிறேன்.

அறையில் அடையாள அட்டையைக் காட்டினேன், பதிவு இருந்தது. மறுநாள் ரயில் டிக்கெட்டும் அப்படியே கிடைத்தது. அந்த அம்மா எனக்காகக் கோயில் ஊற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில் பிடித்து வைத்திருந்தார். பேர் கேட்டேன். "பாட்டின்னு சொல்லிச் செபம் பண்ணு, அவருக்குத் தெரியும்" என்றார்.

இப்போது காலையில் போனைத் தொடும் முன் செபம் செய்கிறேன். நாளைய பட்டியல் இன்னும் எழுதுகிறேன், அதை விடவில்லை. ஆனால் எழுதுவதற்கு முன் வெறும் தாளை முன்னால் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருகிறேன். சில நாள் பட்டியல் சின்னதாகிவிடுகிறது. சில நாள் பழைய பழக்கம் வென்று, எழுதி முடித்த பிறகுதான் ஆண்டவர் நினைவே வருகிறது. அன்றைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதே தாளில் தொடர்கிறேன். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. 127ஆம் திருப்பாடலைச் சொல்கிறேன். பாதியில் தூங்கிவிடுகிறேன்.

வீடு திரும்பிய அன்று ஊற்றுத் தண்ணீர்ப் பாட்டிலை அவரிடம் கொடுத்தேன். மடியில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் மூடியைத் திருகினார். வழுக்கியது. மறுபடி திருகினார். கொஞ்சம் தண்ணீர் லுங்கியில் சிந்தியது. நான் என் இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டேன். மூடி திறந்தது. கையை நனைத்து முதலில் என் நெற்றியில் சிலுவை போட்டார், அப்புறம் தன் நெற்றியில்.