பழைய செங்கல் சுவரில் மேல் அலமாரிகள்: சாய்வுப் பட்டை கைகொடுத்தது

சமையலறையின் மேல் அலமாரிகள் நான்கும் ஒருவழியாகச் சுவரேறிவிட்டன. இந்தச் சுவரில் திருகு பிடிக்காது, தரையிலிருந்து இரும்புச் சட்டம் எழுப்பித்தான் மாட்ட வேண்டும் என்று, விலை விசாரிக்கப் போன இடத்தில் அடித்துச் சொன்னார்கள். இப்போது ஒரு பெட்டிக்குள் 25 கிலோ அரிசி மூட்டையை இரவு முழுவதும் வைத்துப் பார்த்தாயிற்று, மயிரிழையும் அசையவில்லை.

பெட்டி செய்த விதத்தை இங்கே விவரிக்கப் போவதில்லை. 710 தரப் (ஈரம் தாங்கும்) பிளைவுட், பக்கங்களுக்கு 18 மி.மீ., முதுகுக்கு 6 மி.மீ.; வழக்கமான வேலைதான். சிக்கல் முழுவதும் சுவரில் இருந்தது. நாட்டுச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, அதன்மேல் பிற்காலத்தில் பூசிய சிமென்ட் என்று மூன்று அடுக்குகள் கொண்ட சுவர் அது. செங்கல் திருகைப் பிடித்துக்கொள்ளும். செங்கற்களுக்கு இடையே உள்ள சாந்து பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளிருந்து துளையிடும் முறையில், துளை எங்கே விழுகிறதோ அங்கேதான் திருகியாக வேண்டும். ஆகவே 18 மி.மீ. பிளைவுட் பட்டையை நீளவாக்கில் 45 பாகை சாய்வாக இரண்டாக அறுத்து, ஒரு பாதியைச் சுவரிலும் மறுபாதியைப் பெட்டியின் முதுகிலும் பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்றைக் கொக்கிபோல் மாட்டும் முறையைத் தேர்ந்தெடுத்தேன். சுவர்ப் பட்டை மட்டும் தனியாக இருக்கும்போது, செங்கல் அகப்படும் இடமாகப் பார்த்துத் துளையை நகர்த்திக்கொள்ளலாம். துளைக்கும்போது வரும் தூளின் நிறமே வழிகாட்டி: முதலில் சாம்பல் நிறத்தில் வருவது மேற்பூச்சு, பிறகு சிவப்பாக வந்தால் செங்கல், வெளுப்பாகவே வந்துகொண்டிருந்தால் சாந்து, உடனே நிறுத்திவிட்டு ஓர் அங்குலம் மேலேயோ கீழேயோ தள்ளிப் போட வேண்டும். டிரில்லின் சுத்தியல் விசையை அணைத்துவிட்டு, வெறும் சுழற்சியில் மெதுவாக இறக்கினால்தான் பழைய செங்கல் பிளக்காமல் துளை வட்டமாக நிற்கிறது. துளைக்குள் செருக 10 மி.மீ. பிளக், அதற்குள் 4 அங்குலத் திருகு. அதற்குக் குறைந்த நீளம் பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் போதிய அளவு இறங்காது.

பெட்டியின் பக்கத்திலும் ஒரு கவனம் தேவை. 6 மி.மீ. முதுகுப் பலகையில் மட்டும் பட்டையைத் திருகினால் பாரம் ஏறியதும் பிய்த்துக்கொண்டு வரும். உள்ளே மேல்விளிம்பை ஒட்டி ஒரு குறுக்குக் கட்டையைப் பக்கப் பலகைகளோடு இணைத்து, திருகு அந்தக் கட்டைவரை செல்லும்படி செய்தேன்.

பட்டையை மட்டமாகக் குறிக்கக் கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலே (தண்ணீர் நிரப்பிய குழாய்) போதும். ஒன்பதடிச் சுவரில் சிறிய ரசமட்டத்தை நகர்த்தி நகர்த்தி வைப்பதைவிட அது நம்பகமானது. ஆனால் மட்டம் சரியாக இருந்தும், சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்ததால் பட்டையை முடுக்க முடுக்க அதுவும் கூடவே வளைந்தது. அப்படியே விட்டிருந்தால் கதவுகள் ஒரே கோட்டில் நிற்கவே நிற்காது. பட்டையின் முகத்தில் நூல் கட்டி, இடைவெளி தெரியும் இடங்களில் திருகுக்கு நேர் பின்னால் மைக்கா துண்டுகளைச் செருகினேன். ஒவ்வொன்றும் 1 மி.மீ. கனம் என்பதால் கணக்கு எளிது. மூலையில் மட்டும் 9 மி.மீ. பிளைவுட் துண்டே தேவைப்பட்டது. கடையில் ஆப்பு என்று தனியாக விற்பதை வாங்குவது வீண் செலவு.

பெட்டியின் அடிப்பகுதி 8 மி.மீ. டைலின்மேல் வந்து நிற்கிறது. ஆகவே மேலே 18 மி.மீ. பட்டை என்றால் கீழே 10 மி.மீ. கட்டை வைத்தால்தான் பெட்டி தூக்குக்குண்டுக்கு ஒத்து நிற்கும். அதில் திருகு எதுவும் இல்லை. வெறுமனே சாய்ந்து நிற்பதால் டைலைத் துளைக்கும் வேலையும் மிச்சம். முதுகுக்கும் சுவருக்கும் இடையே காற்றோட்டம் கிடைத்தது கூடுதல் ஆதாயம். அடுத்த பக்கம் குளியலறை என்பதால் ஈரத்தை நினைத்துச் சற்றுக் கவலை இருந்தது.

பிளைவுட்டைச் சென்னை பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலையில் வாங்கினேன். 18 மி.மீ. முழுப் பலகை எட்டடிக்கு நான்கடி, கிட்டத்தட்ட 35 கிலோ எடை. அளவு கொடுத்து அறுத்து வாங்கினால் ஆட்டோவிலேயே கொண்டுவந்துவிடலாம். ஓரங்களில் அடுக்குகளுக்கிடையே ஓட்டை தெரியும் பலகையைத் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், முத்திரை என்னவாக இருந்தாலும் சரி. அடுத்ததாக, கழுவுதொட்டிக்கு மேலுள்ள பெட்டியின் அடிப்பலகையை எடுத்துவிட்டு எவர்சில்வர் தட்டுத்தாங்கி பொருத்தி, ஈரத் தட்டுகள் நேராகத் தொட்டியிலேயே வடியும்படி செய்யும் எண்ணம் இருக்கிறது. அதற்கான கம்பிகளை வெல்டிங் பட்டறையில் விசாரித்து வருகிறேன்.

கதவுகள் இன்னும் பாக்கி. கீலின் கிண்ணம் உட்காரும் 35 மி.மீ. குழிகளை எல்லாக் கதவுகளிலும் போட்டாகிவிட்டது. நடுத்தடுப்பு உள்ள பெட்டியில் இரண்டு கதவுகளும் ஒரே 18 மி.மீ. பலகையைப் பங்குபோட்டுக்கொள்வதால், அங்கே மட்டும் கதவு பலகையின் கனம் முழுவதையும் மூடும்படி நிறுத்தும் ஜீரோ கிராங்க் கீல் உதவாது, பாதியை மட்டும் மூடும்படி கை வளைந்த 8 கிராங்க் வேண்டும். கடைக்காரர் ஒரு ஜோடிதான் இருப்பு இருக்கிறது என்கிறார்; எனக்கு இரண்டு ஜோடி தேவை.