கிராஞ்சி சுவரில் கப்பல்காரர்கள் இல்லை

மகள் வீடு சிங்கப்பூரில், செம்பவாங்கில். வந்த அன்றே தெருப் பெயர்ப் பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அட்மிரல்டி சாலையாம், பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்தின் பெயர்! நேவியை விட்டு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அது என்னை விடுகிற மாதிரித் தெரியவில்லை. இந்தப் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம். பெரிய பெரிய கப்பலெல்லாம் பழுதுபார்க்க ஏறி நிற்கும் உலர்துறையை 1938-இல் திறந்தார்கள். நம்மூர்க்காரர்களும் மலையாளிகளும் நிறையப் பேர் இங்கே வேலை பார்த்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை பேரன் 'புக் அவுட்' ஆகி, அதாவது முகாமிலிருந்து விடுப்பில், வந்தான். தேசிய சேவை என்கிற கட்டாய ராணுவச் சேவையில் சேர்ந்து ஆறு வாரம், தெக்கோங் தீவில் பயிற்சி. ஒட்ட வெட்டிய தலை, கறுத்த கழுத்து. வந்ததும் வராததுமாக, "தாத்தா, உங்களுக்கு எந்த மொழியில கட்டளை போடுவாங்க?" என்றான். அவர்களுக்கு மலாயில். 'செடியா' என்றால் விறைப்பாக நிற்க வேண்டும், 'செனாங் டிரி' என்றால் தளர்ந்துகொள்ளலாம். நான் 'சாவ்தான்', 'விஷ்ராம்' என்று சொல்லிக் காட்டினேன். வீட்டில் தமிழ் பேசும் இரண்டு பேர், ஒருவன் இந்திக்கும் ஒருவன் மலாய்க்கும் குதிகால் சேர்த்தவர்கள். மகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மறுநாள் காலை அவனையே அழைத்துக்கொண்டு கிராஞ்சிக்குப் போனேன், இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைக்கு. சிவப்பு வழி ரயிலில் நான்காவது நிறுத்தம். அப்புறம் கொஞ்ச தூரம் நடை.

புல் சரிவில் வெள்ளைக் கற்கள். 4,400-க்கு மேற்பட்ட கல்லறைகள், அதில் 850-க்கும் அதிகமானவை பெயர் தெரியாதவர்களுடையவை. மேட்டின் உச்சியில் நினைவுச் சின்னம். வரிசைத் தூண்கள் அணிவகுத்துப் போகும் தரைப்படையாம், மேலே விரிந்த கூரை விமானத்தின் சிறகு, நடுவில் 24 மீட்டர் உயரக் கோபுரம் நீர்மூழ்கியின் மேல்மாடம். மூன்று படையிலும் நம்முடையதுதான் உயரம் என்று பேரனிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

தூண்களில் 24,000-க்கு மேற்பட்ட பெயர்கள். உடல் கிடைக்காதவர்கள். இந்தியப் பெயர்கள் பத்தி பத்தியாக வருகின்றன, பலருக்கு ஒற்றைப் பெயர்தான். 'சாமி' என்று முடிகிற ஒரு பெயரின் மேல் விரலை வைத்து அவன் எழுத்துக் கூட்டி வாசித்தான். நான் கடற்படைப் பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தேன். மூன்று தூண் சுற்றிய பிறகுதான் மண்டையில் உறைத்தது: இந்தச் சுவர் தரைப்படைக்கும் விமானப்படைக்கும் மட்டும். இந்தச் செம்பவாங்கிலிருந்தே புறப்பட்டுப் போன பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' இரண்டும் 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தான் அருகே ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. 800-க்கும் மேற்பட்டோர் போனார்கள். அந்தப் பிரிட்டிஷ் மாலுமிகளின் பெயர்களை அவர்கள் நாட்டுத் துறைமுக ஊர்களில் பொறித்திருக்கிறார்கள். நம் மாலுமிகளுக்கு மும்பையிலும் சிட்டகாங்கிலும். இங்கே கோபுரம் மட்டும்.

எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. கோபம் என்று சொல்ல முடியாது.

1976-இல் நான் சேர்ந்தபோது நம் போர்க்கப்பல் 'குக்ரி' மூழ்கி ஐந்து வருஷம். 1971 டிசம்பர் 9, டையூவுக்கு அப்பால் பாகிஸ்தான் நீர்மூழ்கி அடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். அதன் கேப்டன் முல்லா கப்பலோடு போனதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். நான் எஞ்சின் ரூம் ஆள், எனக்கு வேறு நினைப்பு. காதைப் பிளக்கும் சத்தத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே, ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு மேலே என்ன நடக்கிறது என்றே தெரியாது. இரும்பு ஏணி ஒன்றுதான் வழி. முதல் வருஷம் முழுக்க, ஷிஃப்டுக்கு இறங்கும்போது படிகளை எண்ணிக்கொண்டே இறங்குவேன். பதினான்கு. இன்றைக்கும் வீட்டு மாடிப்படியை எண்ணுகிறேன், மனைவி கிண்டல் செய்வாள்.

இதைப் பேரனிடம் முதல் தடவையாகச் சொன்னேன். மகளிடம்கூடச் சொன்னதில்லை, ஏன் என்று தெரியவில்லை.

நினைவுச் சின்னத்துக்குப் பின்னால் போனால் இன்னொரு சிறிய சின்னம் இருக்கிறது. தங்கள் மத முறைப்படி எரியூட்டப்பட்ட கிட்டத்தட்ட 800 பேருக்கு, பெரும்பாலும் இந்தியப் படையினர். பெரிய கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டு எல்லாரும் திரும்பிவிடுகிறார்கள், அந்தப் பக்கம் ஆளே இல்லை. போகிறவர்கள் கட்டாயம் சுற்றிப் பின்னால் போங்கள். நாங்கள் அங்கே கொஞ்ச நேரம் நின்றோம். சல்யூட் அடிக்கக் கை போனது, தொப்பி இல்லாமல் அடிக்கக் கூடாது என்று பழகிய கை பாதியில் இறங்கிவிட்டது. பேரன் பார்க்காத மாதிரி இருந்தான். பிறகு அவனே மெல்லிய குரலில் "செடியா" என்றான். இரண்டு பேரும் நேராக நின்றோம்.

திரும்பும் ரயிலில் உட்கார்ந்த மறுநிமிடமே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். ராத்திரி அவன் முகாமுக்குத் திரும்ப வேண்டும். செம்பவாங் வரும்வரை நான் அசையவில்லை.