எடை எழுதும் நோட்டு

கென்யாவுக்குச் சுற்றுலாக் குழுக்களை அழைத்துப் போகும் என் பையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் வெப்பக்காற்று பலூனில் ஏற ஆசைப்படுகிறவர்களின் பெயர், அதற்கு நேரே எடை. ஆளுக்கு ஏறக்குறைய 450 டாலர் கட்டணம். அதைக்கூட யோசிக்காமல் சரி என்பவர்கள், எடையைக் கேட்டால் கொஞ்சம் தயங்குவார்கள். நானும் வற்புறுத்த மாட்டேன். போனில் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வேன்.

சில வருஷம் அப்படித்தான் ஓடியது. ஓர் ஆகஸ்ட் மாதம், பயணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், பலூன் பைலட் என் பட்டியலைப் பார்த்துவிட்டு எல்லோரையும் தராசில் ஏறச் சொன்னார். 12 பேருக்கும் சேர்த்து என் கணக்கைவிட 71 கிலோ அதிகம். பட்டியலில் இல்லாத ஒரு முழு ஆள் கூடையில் ஏறியிருப்பார்.

அவர் கோபப்படவில்லை. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் எழுதிக் காட்டினார். அந்தப் பெரிய பலூனுக்குள் 12,000 கன மீட்டர் காற்று பிடிக்கும். மாரா கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் அவ்வளவு காற்றின் எடை சுமார் 12 டன். அதை 100 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாக்கினால், விரிந்து ஒரு பங்கு வெளியே போய்விடும். குறைவது இரண்டரை டன் அளவுதான், பலூன் தூக்கும் பாரமும் அவ்வளவே. துணி, கூடை, எரிவாயு உருளைகள், ஆட்கள் எல்லாமே அந்த இரண்டரை டன்னுக்குள் அடங்க வேண்டும். ஆள் கூடினால் இன்னும் சூடாக்க வேண்டும், துணி தாங்கும் சூட்டுக்கோ ஓர் எல்லை உண்டு. விடியற்காலையில் பறப்பதற்கும் இதுதான் பாதிக் காரணம்: வெளிக்காற்று குளிர்ந்திருந்தால் உள்ளே இருக்கும் சூடு நன்றாக வேலை செய்யும். மீதிக் காரணம், வெயில் ஏறியதும் தரையிலிருந்து கிளம்பும் காற்று பலூனைத் தூக்கிப் போட்டு அலைக்கழித்துவிடும்.

அந்தக் குச்சிக் கணக்கைப் பார்த்தபோது, அதற்கு முந்தின வருஷம் நான் செய்தது ஞாபகம் வந்தது. காற்று சரியில்லை என்று காலை ஐந்தரைக்கு வேறொரு பைலட் பயணத்தை ரத்து செய்தார். பணம் திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்தும், குழுவினர் முன்னால் நான் அவரிடம் சத்தமாக வாதாடினேன். இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்களே என்றேன். கீழே புல் அசையக்கூட இல்லை. மேலே காற்று வேகமாக இருந்ததை அவர் ஒரு சின்ன பலூனைப் பறக்கவிட்டுப் பார்த்திருந்தார். அவரை மறுபடி பார்க்க வாய்க்கவில்லை. பார்த்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

சரி, எடைக்கு வருகிறேன். 71 கிலோவைச் சரிக்கட்ட யாரை நிறுத்துவது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது பைலட் வேறொரு குழுவிலிருந்து இருவரை அடுத்த பலூனுக்கு மாற்றினார். ராத்திரி எங்கள் குழுவில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அந்த இடம் காலியாகப் போக வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து என்னை ஏறச் சொன்னார்கள். நானும் தராசில் ஏறி, என் நோட்டில் முதல் தடவையாக என் எடையை எழுதினேன்.

நாலேகாலுக்கு எழுந்து, ஸ்வெட்டருக்கு மேல் மசாய்க்காரர்களின் சிவப்புக் கட்டம் போட்ட ஷுகாவைப் போர்த்திக்கொண்டு ஜீப்பில் கிளம்பினோம். புல்வெளியில் துணி நீளமாகக் கிடந்தது. பெட்ரோல் விசிறி குளிர்ந்த காற்றை உள்ளே தள்ள, துணி வயிறு மாதிரி புடைத்துக்கொண்டு வந்தது. கூடை பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். அதற்குள் மல்லாந்து படுத்து, முழங்கால் மேலே இருக்க ஏற வேண்டும். எங்கள் குழுவில் திருநெல்வேலியிலிருந்து வந்த, ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா இருந்தார். வயது 67. “முடியுமா அம்மா?” என்று கேட்டேன். “பிரசவத்துக்கே படுத்தாச்சு தம்பி, இது என்ன?” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

பர்னர் சீறியது. கூடை மெல்ல நிமிர்ந்தது. எப்போது தரையை விட்டது என்று எனக்குத் தெரியவே இல்லை. ஆறரை வாக்கில் சூரியன் எட்டிப் பார்த்தபோது நாங்கள் மரங்களுக்கு மேலே இருந்தோம். நெருப்பு நின்றதும் வந்த அமைதிக்கு நான் தயாராக இல்லை. காற்றோடு சேர்ந்து போவதால் முகத்தில் காற்றே படாது. கீழே ஒரு நரி குரைத்தது துல்லியமாகக் கேட்டது.

வனவிலங்குப் படங்கள் எடுத்த ஆலன் ரூட் 1976-ல் இங்கே பலூன் பயணத்தைத் தொடங்கினார் என்று வண்டியில் போகும்போதே எல்லாக் குழுவுக்கும் சொல்வேன். ‘சிங்கத்தை மேலேயிருந்து பார்க்கலாம்’ என்றும் சொல்லி வந்தேன். அது தப்பு. சிங்கத்தைப் பார்க்க ஜீப்தான் சரி. பலூனைத் திருப்ப முடியாது. ஒவ்வோர் உயரத்திலும் காற்று ஒவ்வொரு பக்கம் வீசும், ஏறியும் இறங்கியும் அதில் ஒன்றைப் பிடிப்பது மட்டுமே பைலட் கையில் இருக்கிறது. மேலேயிருந்து தெரிவது தரை. மாரா ஆற்றின் கரையிலிருந்து மேய்ச்சல் புல்லை நோக்கி விரல்கள் மாதிரி விரியும் தடங்களை டீச்சரம்மாதான் முதலில் கவனித்தார். ராத்திரி மேய வந்து விடியுமுன் தண்ணீருக்குத் திரும்பும் நீர்யானைகள் நடந்து நடந்து பள்ளமாக்கிய பாதைகள் அவை. வருஷக்கணக்காக ஜீப்பில் அவற்றைக் குறுக்கே கடந்திருக்கிறேன், வெறும் குழி என்றுதான் நினைத்திருந்தேன்.

மான் இனத்தைப் போன்ற வைல்ட்பீஸ்ட்கள் ஒன்றன்பின் ஒன்றாக, கோலத்து இழை மாதிரி, தொடுவானம் வரை போய்க்கொண்டிருந்தன. தெற்கே தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து பத்து லட்சத்துக்கு மேல் வருகின்றன என்று புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் பழகியிருந்தது. அந்த வரிசைக்கு முடிவு எங்கே என்று கண்ணால் தேடியபோதுதான் அந்த எண்ணிக்கை எனக்கு உறைத்தது. யானைக் கூட்டம் ஒன்று எதிரே வந்ததும் பைலட் சத்தம் குறைந்த இன்னொரு பர்னரைத் திறந்தார். பெரிய பர்னரின் சீறலுக்கு விலங்குகள் மிரளும். அப்படியும் ஒரு தாய் யானை தும்பிக்கையை உயர்த்தி மோப்பம் பிடித்துக்கொண்டே நின்றது. இன்னும் கீழே போகலாமே என்று கூடையில் ஒருவர் கேட்டார். பைலட் தலையாட்டி மறுத்தார். இந்தத் தடவை நானும் அவர் பக்கம் பேசினேன்.

இறங்கும்போது உட்கார்ந்து, முதுகைக் கூடையில் அழுத்தி, கயிற்றைப் பிடிக்கச் சொன்னார். இரண்டு தடவை தரையில் தட்டி, கொஞ்சம் இழுத்துக்கொண்டு போய் நின்றது.

இப்போதெல்லாம் என் பெட்டியில் ஒரு சின்ன தராசு இருக்கிறது. நைரோபியிலேயே ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து எடை பார்த்துவிடுகிறேன். எண்ணை நான் உரக்கச் சொல்வதில்லை. பயணம் ரத்தாகலாம், சிங்கம் தெரியாமலும் போகலாம் என்பதைப் பணம் வாங்குமுன்பே சொல்லிவிடுகிறேன். சிலர் வேண்டாம் என்று விலகிவிடுகிறார்கள்.

அன்று காலைச் சாப்பாடு தயாராகும் முன்னால் பணியாளர்கள் துணியை நீளவாக்கில் சேர்த்து, காற்றைப் பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். டீச்சரம்மா காலுறையில் ஒட்டியிருந்த புல்விதைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அங்கே போனார். “இவ்வளவும் அந்தப் பைக்குள்ளயா போகும்?” என்று என்னிடம் கேட்டார். நான் ஆமாம் என்பதற்குள், பையில் திணித்த துணி மேல் ஏறி உட்கார்ந்து, தன் எடை முழுவதையும் கொடுத்து அழுத்தினார். பையிலிருந்து காற்று வெதுவெதுப்பாக வெளியே வந்தது.